மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் இரண்டு தட்டல் சத்தங்களும்

1990 ஜூன் மாதத்தில் இரண்டாம் கட்ட ஈழப்போர் வெடித்ததன் பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. பொருளாதாரத் தடையின் பட்டியல் நீளமானது; அதில் பெற்றோலும் டீசலும் முன்னணியில் இருந்தன. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. அதை விளக்குக்கு ஊற்றுவதா, அடுப்புக்கு ஊற்றுவதா என்று வீடுகளில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், வீதியில் கார்களும் அதையே குடித்து ஓடத் தொடங்கின.

ஓடியவை பெரும்பாலும் கிழட்டுக் கார்கள். ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் என்று ஐம்பதுகளில் கப்பலில் வந்திறங்கியவை. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்குவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். புகையோடு கூடவே ஒரு சத்தமும் வரும். தகரப் பேணிக்குள் சிறு கற்களைப் போட்டுக் குலுக்கினாற்போன்ற அந்தத் தட்டல் எங்கள் ஊரின் அன்றாட ஒலிகளில் ஒன்றாகியிருந்தது.

1994ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், எங்கள் பக்கத்து வளவு அண்ணரின் ஏ-40இல் அந்தத் தட்டல் சற்று மாறிப்போனது. வாடகைக்கு ஓடிய கார் அது. இரவில் ஒழுங்கையில் யாருக்கேனும் சுகவீனம் என்றால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல அதைவிட்டால் சைக்கிள்தான். என் தாயாருக்கு முட்டுவருத்தம் இருந்தபடியால் அந்தக் காரின் நலம் எங்கள் வீட்டின் நலமாகவும் இருந்தது. சத்தம் மாறியதைக் கேட்ட எல்லோரும் ஒரே விடையைச் சொன்னார்கள்: “மண்ணெண்ணெய்தானே, தட்டாமல் என்ன செய்யும்?” நானும் அதையே சொன்னேன்.

அந்த விடை பாதி சரியானது. ஏன் சரியானது என்பதற்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருப்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே வாசித்து அறிந்தேன்.

சிலிண்டருக்குள் பொறி விழுந்ததும் தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒழுங்காகப் பரவ வேண்டும். எரிபொருள் மட்டமானதாக இருந்தால், தீ சென்றடைவதற்கு முன்னரே கடைசி மூலையில் நெருக்குண்டு கிடக்கும் கலவை தானாகவே ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. அந்த அதிர்வலை சிலிண்டர்ச் சுவரில் மோதும் ஓசையே தட்டலாகக் கேட்கிறது. இரும்பும் இரும்பும் மோதுவதாகக் காதுக்குத் தோன்றினாலும் உள்ளே மோதுவது வெறும் வாயு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ஒருவருக்கும் விளங்கியிருக்கவில்லை. அமெரிக்காவில் சார்ள்ஸ் கெற்றரிங் என்பவர் 1912ஆம் ஆண்டு கடிலாக் காருக்கு மின்சார முடுக்கியையும் பற்றரிப் பற்றவைப்பையும் பொருத்திக் கொடுத்திருந்தார். கார்கள் தட்டத் தொடங்கியதும் பழி அவரது பற்றவைப்பின் மீது விழுந்தது. அவருடைய நிறுவனமே மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளுக்குச் சிறிய மின்பிறப்பாக்கிகளையும் செய்து விற்றது. தீ அபாயத்தின் பொருட்டு அவை பெற்றோலில் அல்லாது மண்ணெண்ணெயில் ஓடின. அவையும் மோசமாகத் தட்டின. 1916ஆம் ஆண்டில் கெற்றரிங் இந்தப் புதிரைத் தோமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியியலாளரிடம் ஒப்படைத்தார். தட்டல் பற்றிய அந்த ஆராய்ச்சியின் வாசலிலேயே எங்கள் மண்ணெண்ணெய் நின்றிருந்தது என்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

மிட்ஜ்லியின் முதல் ஊகம் விசித்திரமானது. பனியின் அடியிலும் அரும்பும் ஒரு காட்டுச்செடியின் இலை அடிப்புறம் சிவந்திருப்பதால் வெப்பத்தை நன்றாக உறிஞ்சுகிறது போலும். மண்ணெண்ணெயையும் சிவப்பாக்கினால் அது விரைவில் ஆவியாகித் தட்டாதிருக்கக்கூடும் என்று அவர்கள் எண்ணினார்கள். ஆய்வுகூடத்தில் சிவப்புச் சாயம் இருக்கவில்லை. கைக்கு அகப்பட்ட அயடீனைக் கலந்தார்கள். தட்டல் குறைந்தது. பின்னர் உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. ஊகம் பிழை, ஆனால் குற்றவாளி எரிபொருள்தான் என்பது தெரிந்துவிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் ஹரி றிக்கார்டோவும் வேறு வழியால் அதே முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். 1926இல் கிரஹாம் எட்கர் வகுத்த அளவுகோல்தான், இன்று எரிபொருள் நிலையங்களில் 92 என்றும் 95 என்றும் நாம் காணும் ஒக்ரேன் எண்.

1921 டிசம்பர் 9ஆம் திகதி மிட்ஜ்லி குழுவினர் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தபோது தட்டல் முற்றாக அடங்கியது. 1923இல் அது விற்பனைக்கு வந்தது. வைத்த பெயர் ‘எதில்’. ஈயம் என்ற சொல் பெயரில் இல்லை. 1924 ஒக்டோபரில் நியூ ஜேர்சியிலுள்ள சுத்திகரிப்பு ஆலையொன்றில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தப்பிரமை பிடித்து ஐவர் மாண்டனர். பத்திரிகைகள் அதைப் ‘பைத்திய வாயு’ என்று எழுதின. அந்த மாத இறுதியில் மிட்ஜ்லி செய்தியாளர்களைக் கூட்டி, அவர்கள் முன்னிலையில் அந்தத் திரவத்தில் தன் கைகளைக் கழுவி, அதன் ஆவியையும் முகர்ந்து காட்டினார். 1923இன் தொடக்கத்தில் ஈய நச்சினால் பாதிக்கப்பட்டு ஓய்வெடுக்கச் சென்ற அதே மனிதர் இவர். அந்த அறையில் நானும் குறிப்புப் புத்தகத்தோடு நின்றிருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று சில வேளைகளில் யோசிப்பதுண்டு. கேட்டிருப்பேன் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல்தான் கைவிடப்பட்டது. கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் கைவிட்டது.

நிற்க. எங்கள் கிழட்டுக் கார்கள் மண்ணெண்ணெயைத் தாங்கியதற்கும் ஒரு காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் தொடங்கி 1953 வரை பிரித்தானியாவில் எல்லா நிறுவனங்களும் ஒரே தரத்திலான மட்டமான பெற்றோலையே விற்க நேர்ந்தது. அதன் ஒக்ரேன் எண் 70ஐ ஒட்டியே இருந்தது. ஆகவே அக்காலக் கார்களின் இயந்திரங்கள் கலவையை அதிகம் நெருக்காதவாறு வடிவமைக்கப்பட்டன. ஏ-40இன் அழுத்த விகிதம் ஏழைச் சற்றே தாண்டியது. இன்றைய கார்களில் அது பத்துக்கு மேல். அங்கே ஒரு போர்க்காலப் பற்றாக்குறைக்காகச் செய்த ஏற்பாடு, நாற்பது ஆண்டுகளின் பின்னர் இங்கே இன்னொரு போர்க்காலத்தில் உதவியது.

பக்கத்து வளவு அண்ணரின் காரை ஈற்றில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் கொண்டு சென்றோம். இளமையில் வன்னியில் உழவு இயந்திரங்களோடு காலம் கழித்தவர். பெற்றோலில் முடுக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாறும் வித்தையை ஃபேர்குசன் உழவு இயந்திரங்களில் தடைக்கு முன்னரே பழகியிருந்தவர்.

அவர் முதலில் டிஸ்ரிபியூட்டரைச் சற்றே திருப்பி, பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி, காரை ஓட்டிக்காட்டச் சொன்னார். ஏற்றத்தில் கேட்ட கலகலப்புச் சத்தம் அடங்கியது. ஆனால் அதற்கடியில் இன்னொன்று கேட்டது. கனத்த, ஆழமான தட்டல். காரை நிறுத்தி, இயந்திரத்தை ஓடவிட்டு, நீண்ட திருப்புளியின் நுனியை இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக்கொண்டார். பின்னர் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். மூன்றாவதைக் கழற்றியபோது அந்தக் கனத்த சத்தம் மெலிந்தது.

“ஒயில் குறையுதோ?” என்று கேட்டார்.

“இல்லை ஐயா, குறையவே இல்லை. கொஞ்சம் கூடித்தான் கிடக்கு” என்றார் அண்ணர், சற்றுப் பெருமையோடு.

“கூடுது எண்டால் சந்தோசப்படாதை தம்பி” என்றபடி அளவுகோலை உருவி, ஒயிலை விரல்களிடையே தேய்த்து முகர்ந்தார். என் கையிலிருந்த பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்து அதில் ஒரு சொட்டு விட்டார். கரும்புள்ளியைச் சுற்றி அகன்றதொரு ஈர வளையம் படர்ந்தது. அந்த வளையம் மண்ணெண்ணெய்.

இயந்திரம் சூடேறுமுன் மாற்றினால் மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாவதில்லை. எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து ஒயிலோடு கலக்கிறது. நீர்த்த ஒயில் பெயாரிங்கைக் காப்பதில்லை. மூன்றாவது சிலிண்டரின் பெயாரிங் தேய்ந்திருந்தது. ஊரே மண்ணெண்ணெய்த் தட்டலுக்குப் பழகியிருந்தபடியால், அதன் மறைவில் இரண்டாவது தட்டல் வளர்ந்ததை எவரும் கவனிக்கவில்லை.

பெற்றோல் விற்ற விலையில் அண்ணர் துளி துளியாக மிச்சம்பிடித்து, நேரத்தோடு மாற்றிக்கொண்டிருந்தார். அன்று அவர் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. புதிய பெயாரிங்குக்கு வழியில்லை. கைவிடப்பட்ட இன்னொரு ஏ-40இலிருந்து தேய்வு குறைந்த ஒன்றை எடுத்துப் பொருத்தினார்கள். “கை வைச்சுப் பாத்து, ரேடியேற்றர் சுட்ட பிறகுதான் மாத்தவேணும்” என்பதே மெக்கானிக் ஐயாவின் கட்டளை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே வீதியால் தென்மராட்சிக்குப் புறப்பட்டபோது, அந்தக் காரில் என் தாயாரும் இன்னும் மூன்று முதியவர்களும் இருந்தார்கள். நான் மழையில் சைக்கிளை உருட்டியபடி பக்கத்தில் நடந்தேன். பத்து மைல் தூரத்துக்கு ஓர் இரவு முழுவதும் பிடித்தது. நாவற்குழிக்கு இப்பால் சனநெரிசலில் இயந்திரம் பலமுறை நின்றது. ஒவ்வொரு தடவையும் அண்ணர் மருந்துப் போத்தலிலிருந்து பெற்றோலை எண்ணி விட்டு முடுக்கினார். அன்று அவர் துளிகளில் மிச்சம்பிடிக்கவில்லை.

விடிந்து சாவகச்சேரியை அண்மித்தபோது மீண்டும் தட்டல் கேட்டது. அண்ணர் கண்ணாடியை இறக்கித் தலையைச் சரித்துக் கேட்டார். நானும் சைக்கிளை நிறுத்திக் கேட்டேன்.

“மண்ணெண்ணெய்ச் சத்தம்தான்” என்றார்.