மொழிக் கணக்கு வேறு, உறவுக் கணக்கு வேறு
ஹங்கேரியர் – துருக்கியர் வரலாறும் நமக்கான பாடமும்

நாற்பது வருஷமாக ஏலக்காய், மிளகு வியாபாரம் செய்து வருகிறேன். வீடு பாலக்காட்டில். மாதத்தில் பாதி நாள் குமுளி, வண்டன்மேடு பக்கம்தான். கடைக்கு வருகிற தமிழர்கள் சுவரிலுள்ள தீர்த்தங்கரர் படத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க சேட்டா, மார்வாடியா?" என்று கேட்பார்கள். "இல்லீங்க, வந்தவாசிப் பக்கத்து நயினார். வீட்டுப் பேச்சு தமிழ்தான்" என்றால் நம்ப மாட்டார்கள். இங்குள்ள மலையாள நண்பர்களுக்கோ நான் வெறும் 'பாண்டி'. போன வருஷம் என் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து, "தாத்தா, நாம தமிழரா, மலையாளியா, சேட்டா?" என்று கேட்டுவிட்டாள்.

இதே மாதிரியான கேள்வியைப் பல நூறு வருஷமாகத் தங்களையே கேட்டுக்கொள்ளும் ஒரு ஜனம் ஐரோப்பாவின் நடுவில் இருக்கிறது. அவர்கள்தான் ஹங்கேரியர். தங்களை 'மஜ்யார்' என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் கதை நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அதில் தமிழுக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு.

கால்டுவெல் போட்ட முடிச்சு

திருநெல்வேலிச் சீமை இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அதிலே தமிழ் முதலான மொழிகளை, ஹங்கேரி, பின்லாந்து, துருக்கி மொழிகளோடு சேர்த்து 'சித்தியன்' என்ற ஒரே கூட்டத்தில் வைத்தார். காரணம் இல்லாமல் இல்லை. நாம் 'வீடுகளில்' என்கிறோம்: வீடு, கள், இல். ஹங்கேரியர் 'ஹாஸக்பன்' என்பார்கள்: ஹாஸ், அக், பன். துருக்கியர் 'எவ்லெர்தெ' என்பார்கள்: எவ், லெர், தெ. மூன்றிலும் முதலில் வீடு, பிறகு பன்மை, கடைசியில் வேற்றுமை உருபு. ஒரே தச்சன் செய்த மூன்று பெட்டி மாதிரி இருக்கிறது.

ஆனால் பெட்டியின் அமைப்பு ஒன்றாக இருப்பதால் அண்ணன் தம்பி ஆகிவிட முடியாது. திராவிடம் தனிக் குடும்பம், துருக்கியம் தனிக் குடும்பம், ஹங்கேரி மொழி பின்னிய-உக்ரியக் குடும்பம் என்பதே இன்றைய மொழியியலார் முடிவு.

நாக்கு ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம்

ஹங்கேரி மொழியின் அடிப்படைச் சொற்களைப் பாருங்க. தண்ணீர் 'வீஸ்', பின்லாந்தில் 'வெசி'. மீன் 'ஹல்', பின்லாந்தில் 'கலா'. இன்னும் நெருங்கிய சொந்தம் சைபீரியாவில் ஓப் ஆற்றுப் பக்கம் வாழும் மான்சி, காண்டி என்ற சிறு கூட்டத்தார். இதெல்லாம் பிறவிச் சொத்து.

வயலுக்கும் தொழுவத்துக்கும் போனால் கதை மாறுகிறது. வாற்கோதுமைக்கு ஹங்கேரியிலும் துருக்கியிலும் 'அர்ப்பா' என்ற ஒரே சொல்தான். ஆப்பிள் அங்கே 'ஆல்மா', இங்கே 'எல்மா'. கோதுமை, காளை, கன்று, கலப்பை, ஒயின் என்று சில நூறு சொற்கள் துருக்கியரிடமிருந்து வந்தவை. 895 வாக்கில் இன்றைய ஹங்கேரிக்குள் நுழையும் முன்பு, புல்வெளிகளில் துருக்கிய இனத்தாரோடு பல தலைமுறை சேர்ந்து வாழ்ந்ததன் பலன் அது. வியாபாரியான எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பண்டம் வருகிற வண்டியிலேயே அதன் பேரும் ஏறி வந்துவிடும்.

அவர்களை வழிநடத்தி வந்த தலைவன் ஆர்ப்பாடின் பெயரே அந்த 'அர்ப்பா'விலிருந்து வந்ததுதான். காசர் என்ற துருக்கிய அரசிலிருந்து பிரிந்த கபார் கூட்டத்தாரும் அவர்களோடு சேர்ந்தார்கள். பத்தாம் நூற்றாண்டு பைசாந்தியப் பேரரசன் ஏழாம் கான்ஸ்டன்டைன் தன் நூலில் ஹங்கேரியரைத் 'துருக்கர்' என்றே எழுதினான். 1070-களில் பைசாந்தியத்திலிருந்து வந்து, பின்னால் ஹங்கேரியின் புனிதக் கிரீடத்தின் அடிப்பாகமான வளையத்தில் மன்னன் கேசாவைத் 'துருக்கிய நாட்டரசன்' என்று கிரேக்கத்தில் பொறித்திருக்கிறது.

சொந்தம் தேடி இந்தியா வந்தவர்

ஹங்கேரியரின் பழங்கதையோ தங்களை ஹூணர்களோடும் அட்டிலாவோடும் சேர்க்கிறது. அதை நம்பி 1819-இல் கொரோஷி சோமா என்ற ஏழை அறிஞர் மத்திய ஆசியாவில் சொந்த ஜனத்தைத் தேடிப் புறப்பட்டார். பாக்தாத், தெஹ்ரான், புகாரா, காபூல், லாகூர் வழியாகப் பெரும்பாலும் நடந்தே 1822-இல் லடாக் வந்து சேர்ந்தார். மேலே போக வழியில்லை. அங்கே திபெத்திய மொழியில் இறங்கியவர், மடாலயங்களில் கடுங்குளிரில் வருஷக்கணக்காக உட்கார்ந்து படித்தார். 1834-இல் கல்கத்தாவில் அவருடைய திபெத்திய-ஆங்கில அகராதியும் இலக்கணமும் அச்சாயின.

1842-இல் லாசாவுக்கும், அதைத் தாண்டி உய்குர் துருக்கியர் நாட்டுக்கும் போக மறுபடி கிளம்பினார். வழியில் மலேரியா கண்டு அந்த வருஷம் ஏப்ரல் 11-இல் டார்ஜிலிங்கில் காலமானார். சமாதி அங்கேதான் இருக்கிறது. தேடிய சொந்தம் கிடைக்கவில்லை. தேடாத திபெத்தியக் கல்வி உலகத்துக்குக் கிடைத்தது.

சண்டையும் தீர்ப்பும்

அதற்கு முன்பே, 1770-இல், ஷாய்னோவிச் என்ற பாதிரியார் ஹங்கேரி மொழியும் வடகோடி லாப்பியர் மொழியும் உறவு என்று எழுதியிருந்தார். ஊரார் கொதித்தார்கள். குதிரையேறி நாடு பிடித்த எங்களுக்கு மீன் எண்ணெய் வாடை வீசும் சொந்தமா என்று ஏளனம் செய்தார்கள். பிறகு, தர்வேஷ் வேஷத்தில் 1863-இல் கீவா, புகாரா, சமர்கந்து சுற்றிவந்த வாம்பெரி துருக்கிய உறவுக்காக வாதாடினார். பூடென்ஸ் உக்ரிய உறவுக்காக எதிர்வாதம் செய்தார். அதற்கு 'உக்ரிய-துருக்கிய யுத்தம்' என்றே பெயர். மொழி விஷயத்தில் பூடென்ஸ் கட்சிதான் ஜெயித்தது.

ஆனால் வாம்பெரி சொன்னதெல்லாம் காற்றில் போகவில்லை. பழைய எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2022-இல் வந்த ஆய்வு, நாடு பிடித்து வந்த ஹங்கேரியரில் மான்சி வழியும் உண்டு, சர்மாத்தியர் வழியும் உண்டு, ஹூணர் வழியும் உண்டு என்கிறது. ஆக, மொழிக்கு ஒரு பேரேடு, வாழ்க்கைக்கு ஒரு பேரேடு, ரத்தத்துக்கு ஒரு பேரேடு. மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதினால் கணக்கு உதைக்கும்.

நம்ம வீட்டுக் கணக்கு

என் கடைக் கணக்கிலுள்ள 'வசூல்', 'பாக்கி' இரண்டும் அரபுச் சொற்கள். பூட்டுகிற 'சாவி', எழுதுகிற 'மேசை' போர்த்துகீசியம். என் சமயம் வடக்கே பிறந்தது. பாலக்காட்டு ஜைனிமேட்டில் நான் கும்பிடும் சந்திரபிரபர் கோயிலோ கன்னட நாட்டு வணிகர் கட்டியதாகச் சொல்வார்கள். இவ்வளவு கடன் வாங்கியும் 'வீடுகளில்' என்ற அமைப்பு என் நாக்கில் தமிழாகவே நிற்கிறது. அதுபோலத்தான் நம் பிள்ளைகள் பேச்சில் நாலு மலையாளச் சொல் கலப்பதும். அதற்காக அவர்களைத் தமிழரில்லை என்று ஒதுக்குவது வரலாறு தெரியாத பேச்சு. சில நூறு துருக்கியச் சொல்லை வாங்கியும் ஹங்கேரியன் ஹங்கேரியனாகத்தானே இருக்கிறான்?

மூணாறு மலையிலுள்ள முதுவர் மக்கள், மீனாட்சியம்மனை முதுகில் சுமந்துகொண்டு மதுரையிலிருந்து வந்தோம் என்று சொல்வார்கள். கதையை மட்டும் சுமக்கவில்லை, தமிழை ஒட்டிய பேச்சையும் அவர்கள் விடவில்லை. நம்மில் பலர் குடிபெயரவே இல்லை. பாலக்காடு 1956 வரை சென்னை ராஜ்யத்து மலபார் மாவட்டம்தானே. எல்லைக்கோடுதான் நம்மைத் தாண்டிப் போனது.

அப்படியானால் பயமே வேண்டாமா? வேண்டும். அதற்கும் ஹங்கேரியிலேயே உதாரணம் இருக்கிறது. 1239-இல் மங்கோலியருக்கு அஞ்சி, குமன் என்ற துருக்கியக் கூட்டம் கோத்தென் கானின் தலைமையில் அங்கே தஞ்சம் புகுந்தது. நிலம் கிடைத்தது, சலுகை கிடைத்தது. அவர்கள் வீட்டுப் பெண் அரச குடும்பத்தில் மருமகளாகவும் போனாள். இன்றும் 'குன்ஷாக்' என்று அவர்கள் பெயரால் ஒரு பகுதி உண்டு. ஆனால் மொழி? கடைசியாக அது தெரிந்தவர் என்று சொல்லப்படும் இஸ்த்வான் வர்ரோ 1770-இல் காலமானார். அதன் பிறகும் குழந்தைகள் குமன் மொழி ஜெபத்தை மனப்பாடமாகச் சொன்னார்கள், ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல்.

அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் பேத்தி திருக்குறளை மலையாள எழுத்தில் எழுதிவைத்துத்தான் ஆண்டுவிழாவில் ஒப்பிக்கிறாள். கைதட்டலும் வாங்குகிறாள். அர்த்தம் கேட்டேன், தெரியவில்லை.

"நாம தமிழர்தான் அம்மா. சமயமும் சொல்லும் பல ஊரிலிருந்து வாங்கினோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று அவள் கேள்விக்குப் பதில் சொன்னேன். அன்றிலிருந்து கடை மூடியதும் அரை மணி நேரம் அவளுக்கு அ, ஆ எழுதிக் கொடுக்கிறேன். இப்போது 'க' வரிசைக்கு வந்திருக்கிறோம். இந்த மலரை வாசிக்கிற தாத்தா பாட்டிமார்களும் அந்த அரை மணி நேரத்தை ஒதுக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.