வேலி விழாத வயல்: லாக்ஸ்டன்

இங்கிலாந்து கிராமம்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கட்டம் கட்டமா பச்சை வயல், சுத்தி புதர்வேலி. ஆனா அந்த வேலிகள்ல பலதும் சட்டம் போட்டு வந்தவை. 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள், பொது உரிமை இருந்த நிலத்தைத் தனிச்சொத்தாக்கின. ஒத்தை மாட்டை வெச்சுப் பிழைச்ச கூலிக்காரருக்கு மேய்ச்சல் உரிமை போச்சு.

நாட்டிங்ஹாம்ஷயர்ல இருக்கிற லாக்ஸ்டன்ல அந்த வேலை முழுசா முடியல. மூணு பெரிய வயல், உள்ள வேலியே கிடையாது. ஒவ்வொரு விவசாயிக்கும் அங்கங்க நீளநீளமா துண்டு நிலம். ஒரு வயல்ல கோதுமை, ஒண்ணுல வசந்தகாலப் பயிர், மூணாவதுக்கு ஓய்வு. வருஷா வருஷம் சுழலும். நிலம் சிதறிக் கிடக்கிறதால பண்ணை வீடுகள் வயல் நடுவுல இல்லாம ஊர்த்தெருவை ஒட்டியே நிக்குது.

நவம்பர் கடைசியில ஊர் ஜூரி கிளம்பி வயலைச் சுத்திப் பார்க்கும். யாராவது பொதுப் புல்தரைக்குள்ள உழுதிருந்தா, கோர்ட் லீட்ங்கிற ஊர் மன்றத்துல அபராதம். (எனக்கு கோட் ரிவ்யூ ஞாபகம்தான் வருது. தொழில் புத்தி!)

1635-ல மார்க் பியர்ஸ் வரைஞ்ச வரைபடத்துலயே இந்தத் துண்டுகளைப் பார்க்கலாம். 1952-ல ஜமீன் குடும்பத்துகிட்டேர்ந்து அரசு வாங்குச்சு. 2020-ல அதே குடும்பத்தோட தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பப் போயிடுச்சு. உழுறவங்க இன்னமும் குத்தகைதாரர்கள்தான். ஜூரி இப்பவும் கூடுது.