தடையும் விலையும்: கேரளக் கிரிக்கெட்டும் பெயர் கெட்ட இளம் ஆட்டக்காரர்களும், 2008–2025

2011 ஜனவரியில் பெங்களூரில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் கொச்சி டஸ்கர்ஸ் கேரளா அணி ரவீந்திர ஜடேஜாவை 9.5 இலட்சம் அமெரிக்க டாலருக்கு எடுத்தது. அதே அணி வி.வி.எஸ். லக்ஷ்மணுக்குக் கொடுத்தது 4 இலட்சம்; பிரெண்டன் மெக்கல்லத்துக்கு 4.75 இலட்சம். ஜடேஜாவுக்கு அப்போது வயது 22. முந்தைய ஆண்டு முழுவதும் ஐபிஎல்லில் ஆடத் தடை விதிக்கப்பட்டிருந்தவர்.

பெயர் கெட்டால் விலை சரியும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அமெரிக்க பேஸ்பாலில் அதற்குத் தெளிவான சான்று ஜோஷ் ஹாமில்டன். 1999இல் புதுமுகத் தேர்வில் முதல் இடம் பெற்ற அவர் போதைப் பழக்கத்தால் தடைபட்டு முடங்கினார். 2006 டிசம்பரில் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கு வெறும் 1 இலட்சம் டாலருக்குக் கிடைத்தார். அவருக்குத் துணையிருக்க ஜானி நாரன் என்ற பயிற்சியாளரையும் அணி அமர்த்தியது. பின்னர் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்குப் போய், 2010இல் அமெரிக்கன் லீகின் மிகமதிப்புமிக்க ஆட்டக்காரரானார். நாரனும் அவரோடு டெக்சாஸ் போயிருந்தார். கேரளத்தில் கதை வேறு விதமாக நடந்தது: விலை சரியவில்லை, ஆனால் துணைக்கு ஆளும் இல்லை.

கொச்சி அணியே சர்ச்சையில் பிறந்தது. 2010 மார்ச்சில் சுமார் 33.3 கோடி டாலருக்கு உரிமம் விற்கப்பட்டது. அடுத்த மாதமே, அந்த உரிமத்தைச் சுற்றி எழுந்த புயலில் சசி தரூர் வெளியுறவு இணையமைச்சர் பதவியைத் துறந்தார். கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு அவர்தான் நாடாளுமன்ற உறுப்பினர். ஆனால் அணி தலைநகரில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. சொந்த மைதான ஆட்டங்களைக் கொச்சியிலும் இந்தூரிலும்தான் ஆடியது.

ஜடேஜாவின் குற்றம் என்ன? 2008இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற கையோடு, ஏலத்தில் நில்லாமல், இளையோர் ஒதுக்கீட்டில் ராஜஸ்தான் ராயல்ஸுக்கு வந்தார். அங்கே கேப்டன் ஷேன் வார்ன் அவருடைய திறமையைக் கொண்டாடினார். நேரம் தவறியபோது பேருந்திலிருந்து இறக்கி விடுதிக்கு நடந்து வரவும் வைத்தார். 2010இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியிடம் நேரடியாகப் பேரம் பேசியதற்காக ஓராண்டுத் தடை வந்தது. கூடுதல் சம்பளம் கேட்ட இளைஞனின் விதிமீறல் அது. ஆட்டத்துக்கு அவர் எந்தத் துரோகமும் செய்யவில்லை. ஏலத்தில் கையுயர்த்தியவர்களும் அப்படித்தான் கணித்திருக்க வேண்டும்.

கேரள வேகப்பந்து வீச்சாளர் ஸ்ரீசாந்தின் பெயர் கெட்டது வேறு வழியில். 2008 ஏப்ரலில் மொஹாலியில் ஹர்பஜன் சிங்கிடம் அறை வாங்கி அழுத காட்சி நாடு முழுவதும் ஓடியது. 2009இல் நடத்தைக்காக இந்தியக் கிரிக்கெட் வாரியம் இறுதி எச்சரிக்கை விடுத்தது. ஆனாலும் மண்ணின் மைந்தருக்குக் கொச்சி 9 இலட்சம் டாலர் கொடுத்தது. 14 ஆட்டங்களில் ஆறை வென்ற அணி, வங்கி உத்தரவாதம் கட்டாததால் 2011 செப்டம்பரில் கலைக்கப்பட்டது. இளைஞர்களைத் திருத்தவோ வளர்க்கவோ அதற்கு ஒரு பருவத்துக்கு மேல் காலமே கிடைக்கவில்லை.

இருவரின் பாதையும் இங்கே பிரிகிறது. 2012 ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஜடேஜாவை 20 இலட்சம் டாலருக்கு எடுத்தது; தோனியின் கீழ் அவர் நிலைத்தார். ஸ்ரீசாந்த் ராஜஸ்தானுக்குப் போய், 2013 மே மாதம் ஸ்பாட் ஃபிக்ஸிங் வழக்கில் கைதானார். செப்டம்பரில் ஆயுட்காலத் தடை. 2015இல் தில்லி நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தும் வாரியம் இறங்கவில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் திருவனந்தபுரம் தொகுதியில் பாஜக வேட்பாளராக நின்று மூன்றாம் இடம் பெற்றார். 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தண்டனையை மறுபரிசீலனை செய்யச் சொல்ல, தடை ஏழாண்டாகக் குறைந்து 2020 செப்டம்பரில் முடிந்தது.

அப்போது அவருக்கு வயது 37. கேரள அணி அவரைத் திரும்ப அழைத்ததை நான் இந்த வரலாற்றின் மிக நேர்மையான முடிவாகக் கருதுகிறேன். விலை பேசவோ விளம்பரம் தேடவோ அங்கு இடமில்லை; தண்டனையை அனுபவித்து முடித்தவருக்கு ஆடும் உரிமை உண்டு என்ற ஒப்புதல் மட்டுமே இருந்தது. 2021 ஜனவரியில் சையத் முஷ்டாக் அலி கோப்பையில் புதுச்சேரிக்கு எதிராகப் பந்து வீசினார். பிப்ரவரியில், விஜய் ஹசாரே கோப்பையில், உத்தரப் பிரதேசத்துக்கு எதிராக 65 ரன்களுக்கு 5 விக்கெட்.

முஷ்டாக் அலி தொடரில் அவருக்குக் கேப்டன் சஞ்சு சாம்சன். திருவனந்தபுரத்தின் தெற்கே, விழிஞ்ஞம் கடலோரத்துப் பையன். 2013இல் ராஜஸ்தான் அணியில் ஸ்ரீசாந்தோடு இருந்தபோது அவருக்கு வயது 18. 2016இல் ரஞ்சி ஆட்டத்தில் ரன் எடுக்காமல் வெளியேறிய பின் நடந்துகொண்ட விதத்துக்காகக் கேரளக் கிரிக்கெட் சங்கம் அவர்மீது விசாரணை நடத்தியது. மன்னிப்புக் கேட்டதும் எச்சரிக்கையோடு விட்டது. அந்த 22 வயதில் கடுந்தண்டனை விழுந்திருந்தால், 2024இல் ஹைதராபாத்தில் வங்கதேசத்துக்கு எதிராக அவர் அடித்த 111 ரன்களை நாம் பார்த்திருப்போமா என்பது எனக்கு ஐயமே.

அணிகளுக்கும் கறை உண்டு. சூதாட்ட விவகாரத்தில் 2015இல் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னையையும் ராஜஸ்தானையும் இரண்டாண்டு விலக்கி வைத்தது. இரண்டும் 2018இல் திரும்பி வந்தன. 2025 நவம்பரில் இவ்விரு அணிகளும் ஆள் மாற்றிக்கொண்டன. சஞ்சு 18 கோடி ரூபாய்க்குச் சென்னை வந்தார். 2010இல் தன்னோடு தகராறில் முறிந்துபோன ஜடேஜாவை ராஜஸ்தான் 14 கோடி ரூபாய்க்குத் திரும்ப ஏற்றுக்கொண்டது; சாம் கரனும் அவரோடு போனார்.