எபிரேய மறைநூலில் பெண், அதிகாரம், பாலியல் வன்முறை

யூதர்கள் தனக் என்றும் கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்றும் அழைக்கும் எபிரேய மறைநூலில், பெண்கள் மீதான பாலியல் வன்முறை சட்டம், கதை, தீர்க்கதரிசன உருவகம் ஆகிய மூன்று வடிவங்களிலும் இடம்பெறுகிறது. பெரும்பாலான இடங்களில் இக்குற்றத்தின் இழப்பு தந்தை, கணவன், சகோதரன், அரசன் ஆகியோரின் கணக்கிலேயே எழுதப்படுகிறது. கொடுமைக்கு ஆளான பெண் பேசுவது அரிது. அப்படிப் பேசிய சிலருள் முதன்மையானவள் தாவீதின் மகள் தாமார். இந்நூல் தமிழில் அச்சேறி முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. தமிழ்ச் சபைகளின் வழிபாட்டையும் குடும்ப ஒழுக்கத்தையும் அது வடிவமைத்திருப்பதால், இப்பகுதிகளை எப்படி வாசிப்பது என்பது தமிழ்ச் சமூகத்தின் கேள்வியும் ஆகும்.

சட்டங்கள்

முதன்மையான சட்டப் பகுதி உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் உள்ளது. மணம் நிச்சயிக்கப்பட்ட பெண்ணை ஊருக்குள் ஒருவன் கூடினால், அவள் கூக்குரலிடவில்லை என்று கொண்டு இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்படுகிறது. வயல்வெளியில் நடந்தால் அவன் மட்டுமே சாக வேண்டும்; அவள் கத்தியிருந்தாலும் காப்பாற்ற யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்பது காரணம். இந்த இரண்டாம் விதி பலாத்காரத்தைக் கொலைக்கு ஒப்பிட்டு, பெண்மேல் எக்குற்றமும் இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. முதல் விதியோ, அச்சத்தால் வாயடைத்துப்போன பெண்ணையும் குற்றவாளியாக்குகிறது.

நிச்சயமாகாத பெண்ணைப் பிடித்துக் கூடியவன் அவள் தந்தைக்கு 50 வெள்ளிக்காசு கொடுத்து அவளை மணக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் தள்ளிவிடக் கூடாது. அவளுடைய சம்மதம் பற்றிய பேச்சே இதில் இல்லை. போரில் பிடிபட்ட பெண்ணை மணக்க விரும்புகிறவன், அவள் தன் பெற்றோருக்காக ஒரு மாதம் துக்கம் காக்க இடம்தர வேண்டும் என்றும், பின்னர் பிடிக்காவிட்டால் அவளை விற்கக் கூடாது என்றும் உபாகமம் 21 கூறுகிறது. எண்ணாகமம் 31 மீதியானியரிடம் கைப்பற்றிய கொள்ளையைக் கணக்கிடும்போது, ஆடு மாடு கழுதைகளுக்கு அடுத்த வரிசையில் 32,000 கன்னிப்பெண்களை வைக்கிறது.

இச்சட்டங்கள் பழைய மேற்காசியச் சூழலில் பிறந்தவை. பாபிலோனின் அம்முராபி சட்டமும் மணம் நிச்சயிக்கப்பட்ட கன்னியைக் கெடுத்தவனைக் கொன்று, அவளைக் குற்றமற்றவளாக விடுவித்தது. மத்திய அசீரியச் சட்டமோ, கன்னியைக் கெடுத்தவனின் மனைவியைக் கெடுக்கும்படி ஒப்புக்கொடுக்க அப்பெண்ணின் தந்தைக்கு உரிமை தந்தது. எபிரேயச் சட்டத்தில் இப்பழிவாங்கல் இல்லை. ஆனால் பெண்ணின் உடல் தந்தையின் உடைமை என்ற அடிப்படை அங்கும் மாறவில்லை.

கதைகள்

தீனாள்: ஆதியாகமம் 34-இல் யாக்கோபின் மகள் தீனாளைச் சீகேம் என்னும் இளவரசன் பிடித்துக் கெடுக்கிறான், பிறகு எவ்வளவு பரிசப்பணமும் தருவதாகச் சொல்லிப் பெண் கேட்கிறான். அவள் சகோதரர் விருத்தசேதனம் என்னும் நிபந்தனையைத் தந்திரமாக விதிக்கின்றனர். மூன்றாம் நாள் நகரத்து ஆண்கள் வலியில் கிடக்கும்போது சிமியோனும் லேவியும் அவர்களை வெட்டிக் கொல்கின்றனர். அந்நகரின் பெண்களும் பிள்ளைகளும் சிறைபிடிக்கப்படுகின்றனர். ஒரு பெண்ணின் மானத்துக்காக நடந்ததாகச் சொல்லப்படும் பழிவாங்கல் ஒரு நகரத்துப் பெண்கள் எல்லோரையும் கொள்ளைப்பொருளாக்கியது. யாக்கோபின் கவலை சுற்றியுள்ள இனத்தாரிடம் தன் பெயர் கெட்டது பற்றியே. தீனாள் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை.

தாமார்: இரண்டாம் சாமுவேல் 13-இல் தாவீதின் மூத்த மகன் அம்னோன், தன் நண்பன் யோனதாப் சொல்லிக்கொடுத்தபடி நோயாளிபோல் படுத்து, தங்கை தாமார் வந்து பணியாரம் செய்து தரவேண்டும் என்று அரசனிடம் கேட்கிறான். அரசனே அவளை அனுப்புகிறான். அம்னோன் கையைப் பிடித்ததும் அவள் வாதாடுகிறாள்: இஸ்ரவேலில் இப்படிச் செய்வது தகாது, என் அவமானத்தை நான் எங்கே சுமப்பேன், நீயும் மதிகேடனாவாய், என்னை அரசனிடம் கேள். அறம், சட்டம், தன் நிலை, அவன் நிலை ஆகிய நான்கையும் அவள் எடுத்துவைக்கிறாள். அவன் கேட்கவில்லை. காரியம் முடிந்ததும் வெறுப்புற்று அவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டச் சொல்கிறான். அவள் தலையில் சாம்பல் போட்டு, இளவரசிகள் அணியும் அங்கியைக் கிழித்து, உரக்க அழுதுகொண்டே போகிறாள். நடந்ததை ஊரறியச் செய்தவள் அவளே.

அதன்பின் அவளைச் சுற்றியிருந்த ஒவ்வொருவரும் அதை மூடப் பார்க்கின்றனர். அண்ணன் அப்சலோம் பேசாதிரு என்கிறான். தாவீது கோபப்படுகிறான், மகனைத் தண்டிக்கவில்லை. மூத்த மகன் என்ற பாசமே காரணம் என்று பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு சேர்த்துச் சொல்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆட்டுமயிர் கத்தரிப்பு விருந்தில் அப்சலோம் அம்னோனைக் கொல்விக்கிறான். அந்தக் கொலை அரியணைப் போட்டியாக வளர்கிறது. தாமாரோ அண்ணன் வீட்டில் பாழ்பட்டவளாக இருந்தாள் என்பதோடு கதையிலிருந்து மறைகிறாள்.

பத்சேபாளும் பத்து மறுமனையாட்டிகளும்: தாவீது ஆள் அனுப்பி உரியாவின் மனைவி பத்சேபாளை அழைப்பிக்கிறான். அரசன் ஆணைக்கு மறுப்புச் சொல்ல அவளுக்கு இடமிருந்ததா என்று கதை கேட்பதில்லை. அவள் கருவுற்றதை மறைக்க முடியாதபோது உரியா போர்முனையில் கொல்லப்படுகிறான். தீர்க்கதரிசி நாத்தான் சொல்லும் உவமையில் ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியாக வருகிறவள் பத்சேபாள். குற்றம் ஆட்டின் உடையவனுக்கு எதிரானதாகவே எடைபோடப்படுகிறது. தண்டனையும் பெண்கள் மேலேயே விழுகிறது. கலகம் செய்த அப்சலோம், அகித்தோப்பேலின் ஆலோசனைப்படி, தந்தையின் பத்து மறுமனையாட்டிகளை எல்லோரும் அறியும்படி கூடுகிறான். திரும்பிவந்த தாவீது அவர்களைக் காவலில் வைக்க, சாகும் நாள்வரை அடைபட்டுக் கிடக்கின்றனர்.

கிபியா: நியாயாதிபதிகள் 19 இம்மறைநூலின் மிகக் கொடிய அதிகாரம். கிபியாவில் இரவு தங்கிய லேவியன் ஒருவன், வாசலில் கூடிய கும்பலிடமிருந்து தன்னைக் காக்க, தன் மறுமனையாட்டியை வெளியே தள்ளுகிறான். விடியும்வரை கெடுக்கப்பட்டு வாசற்படியில் விழுந்துகிடந்தவளை அவன் பன்னிரண்டு துண்டாக்கி இஸ்ரவேல் எங்கும் அனுப்புகிறான். பின் நடந்த போரில் பென்யமீன் கோத்திரத்தில் 600 ஆண்களே எஞ்சினர். அவர்களுக்கு மனைவியர் வேண்டுமென்று யாபேசில் 400 கன்னியரும், சீலோவில் நடனமாடிய பெண்களும் தூக்கிச்செல்லப்பட்டனர். ஒருத்திக்கு நேர்ந்ததைக் கண்டித்து எழுந்த நாடு அதையே நூற்றுக்கணக்கான பெண்களுக்குச் செய்து ஓய்ந்தது. அவளுடைய பெயர்கூட நூலில் இல்லை.

தீர்க்கதரிசன உருவகம்

ஓசியா, எரேமியா, எசேக்கியேல் ஆகியோர் வழிதவறிய நாட்டைக் கற்பிழந்த மனைவியாகவும், தண்டிக்கும் கணவனாகக் கடவுளையும் பாடினர். எசேக்கியேல் 16, 23 அதிகாரங்களில் அப்பெண் ஆடை களையப்பட்டு, கூட்டத்தின் முன் அடிக்கப்படுகிறாள். எருசலேம் கி.மு. 587-ஐ ஒட்டிப் பாபிலோனியரிடம் வீழ்ந்த காலத்தின் அதிர்ச்சி இதில் இருக்கிறது. ஆயினும் மனைவியை அடிக்கும் கணவனுக்குத் தெய்வத்தின் சாயல் தரும் உருவகம் குடும்ப வன்முறைக்குத் துணைபோகும் என்ற எதிர்ப்பு நியாயமானது. புலம்பல் நூல் வேறு வழியில் செல்கிறது: சீயோனிலும் யூதாவின் ஊர்களிலும் பெண்கள் கெடுக்கப்பட்டதை உருவகம் ஏதுமின்றி நேராக அறிவித்துக் கடவுளிடம் முறையிடுகிறது.

பேசிய பெண்கள்

எகிப்திய அடிமைப்பெண் ஆகாரைச் சாராய் தன் கணவனுக்குக் கொடுக்கிறாள். கருவுற்றபின் கொடுமை தாங்காமல் ஓடிய ஆகார், வனாந்தரத்தில் தன்னைக் கண்ட கடவுளுக்குப் பெயரிடுகிறாள். இம்மறைநூலில் கடவுளுக்குப் பெயர் சூட்டிய மனிதர் அவள் ஒருத்தியே. சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாள், கொல்லப்பட்ட பிள்ளைகளின் உடல்களைப் பறவையும் மிருகமும் தீண்டாதபடி பாறைமேல் காவலிருந்து, அரசன் அவற்றை அடக்கம் செய்ய வைக்கிறாள். தானியேல் நூலின் கிரேக்கப் பகுதியில் வரும் சூசன்னா, இணங்காவிட்டால் விபச்சாரப் பழி சுமத்துவோம் என்று மிரட்டிய இரண்டு நீதிபதிகளை எதிர்த்துக் கூச்சலிடுகிறாள்.

தமிழில்

தரங்கம்பாடியில் பர்த்தலோமேயு சீகன்பால்க் 1719-இல் இறப்பதற்குள் பழைய ஏற்பாட்டை ரூத் நூல்வரை தமிழாக்கியிருந்தார். ஆகார், தீனாள், கிபியாப் பெண் ஆகியோரின் கதைகள் அவர் வழியாகவும், தாமார் கதை பணியை முடித்த பெஞ்சமின் சூல்ட்சே வழியாகவும் அச்சுத் தமிழுக்கு வந்தன. ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் 1871 திருப்புதல் சீர்திருத்த சபைகளில் நிலைத்தது. 1995-இல் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. கத்தோலிக்கர் தவக்காலத்தில் சூசன்னா வாசகத்தைக் கேட்கின்றனர். சீர்திருத்த சபையினரின் வேதாகமத்தில் அக்கதை இல்லை. உலகின் பல சபைகள் பின்பற்றும் 1992-ஆம் ஆண்டின் பொது வாசக அட்டவணையில் தாமார் கதையும் கிபியாக் கதையும் சேர்க்கப்படவில்லை. ஞாயிறு வாசகங்களை மட்டுமே கேட்கும் சபையார் இவற்றை அறியாமலே இருக்கக்கூடும்.

ஆய்வும் சபைப் பயன்பாடும்

அமெரிக்க அறிஞர் ஃபிலிஸ் டிரிபிள் ஆகார், தாமார், கிபியாப் பெண், தந்தையின் பொருத்தனைக்குப் பலியான யெப்தாவின் மகள் ஆகிய நால்வர் கதைகளையும் 1984-இல் ஒரு நூலாக ஆராய்ந்தார். அது இத்துறையின் திருப்புமுனை. சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு கற்பித்த மோனிகா ஜோத்ஸ்னா மெலங்க்தோன், தலித் பெண்களின் அனுபவத்திலிருந்து இப்பகுதிகளை வாசித்தார். சாதியும் ஆணதிகாரமும் ஒன்றுசேரும் இடத்தில் யாருடைய உடல் எளிதில் பறிக்கப்படுகிறது என்ற கேள்வி அவ்வாசிப்பின் மையம். தென்னாப்பிரிக்காவின் உஜாமா மையம் தாமார் கதையை வட்டமாக அமர்ந்து வாசிக்கும் முறையை 1990-களில் தொடங்கியது. பாதிக்கப்பட்ட பெண்கள் முதன்முறையாக வாய்திறக்க அது வழிசெய்தது.

தமிழக நிகழ்வுகளின் ஒளியில்

கெடுத்தவனுக்கே மணமுடிக்கும் உபாகம விதியின் சாயல் இன்றும் ஊர்ப் பஞ்சாயத்துகளில் தென்படுகிறது. 2015-இல் சென்னை உயர்நீதிமன்றம், கடலூர் மாவட்ட வழக்கொன்றில் தண்டனை பெற்றவர் பாதிக்கப்பட்ட பெண்ணுடன் சமரசம் பேச வசதியாக ஜாமீன் வழங்கியது. அதே ஆண்டு ஜூலையில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், பலாத்கார வழக்கில் சமரசத்துக்கே இடமில்லை என்று கண்டிப்புடன் கூறியது. சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது.

தருமபுரிப் பகுதியின் வாச்சாத்தியில், 1992 ஜூன் 20 அன்று சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் மலைவாழ் மக்களைத் தாக்கினர். 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டனர். அவர்களின் சாட்சியத்தால் 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிருடன் இருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர்; 2023-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கிபியாவில் ஆண்கள் நியாயம் பேசினர், போர் மூண்டது, மேலும் பெண்கள் பலியாயினர். வாச்சாத்தியில் பெண்களே நியாயம் பேசினர், சட்டம் கேட்டது. தாமாருக்குக் கிடைக்காததும் இதுவே: குற்றத்தை அவள் வாயால் கேட்டு, குற்றவாளியை விசாரிக்கும் ஒரு மன்றம். அரண்மனை அதைத் தரவில்லை. இக்கதைகளைச் சபைகளில் மறைக்காமல் வாசித்து, பாதிக்கப்பட்டவளின் சொல்லிலிருந்து விளக்கத்தைத் தொடங்குவதே அவற்றுக்குச் செய்யும் நேர்மை.