கைக்கோ ஆழ்கடல் ஊர்தியின் கடல் சோதனைகள்

கைக்கோ என்பது ஜப்பான் கடல்சார் அறிவியல் தொழில்நுட்ப மையம் உருவாக்கிய ஆளில்லா ஆழ்கடல் ஊர்தி ஆகும். ஜப்பானிய மொழியில் இச்சொல்லுக்குக் கடல் அகழி என்று பொருள். பெருங்கடலின் எந்த ஆழத்துக்கும் இறங்கக்கூடியதாக இது வடிவமைக்கப்பட்டது. அத்திறனை மெய்ப்பிக்கத் தகுந்த இடம், மேற்குப் பசிபிக்கில் குவாம் தீவுக்குத் தென்மேற்கே மரியானா அகழியில் உள்ள சேலஞ்சர் மடு. உலகக் கடல்களில் மிக ஆழமான பகுதி இதுவே. 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார், டான் வால்ஷ் ஆகிய இருவரும் டிரியெஸ்ட் என்னும் கலத்தில் இதன் தரையை அடைந்தனர். அதன்பின் 35 ஆண்டுகள் வேறெந்தக் கலமும் அங்குச் சென்று சேரவில்லை.

மடுவின் தரையில் நீரின் அழுத்தம் கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் அதிகம். ஊர்தியின் உறுப்புகள் இந்த அழுத்தத்தைத் தாங்குமா என்பதைக் கரையில் உள்ள அழுத்தக் கலன்களில் சோதித்துவிடலாம். ஆனால் ஊர்தியைக் கப்பலோடு இணைக்கும் நீண்ட வடம் ஓடும் நீரில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கடலில்தான் அறிய முடியும். மின்சாரம் கீழே செல்வதும் படங்கள் மேலே வருவதும் இந்த வடத்தின் வழியாகத்தான். அலையில் கப்பல் ஏறி இறங்கும்போதெல்லாம் வடமும் இழுபடும். அந்த இழுப்பு ஊர்தியைத் தாக்காமலிருக்க, கைக்கோ இரு பகுதிகளாக அமைக்கப்பட்டது. கப்பலிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் நீள முதன்மை வடத்தில் ஓர் ஏவுகலம் தொங்கியது. அதிலிருந்து சுமார் 250 மீட்டர் நீளமுள்ள இரண்டாம் வடத்தில் ஊர்தி தனியே இயங்கியது.

1994 மார்ச்சில் சேலஞ்சர் மடுவில் முதல் சோதனை நடந்தது. தரையைத் தொடச் சில மீட்டர்களே எஞ்சியிருந்த நிலையில், கப்பலுக்கு வந்துகொண்டிருந்த படம் மறைந்தது. முயற்சி கைவிடப்பட்டது. குறைகள் நீக்கப்பட்டு, 1995 மார்ச் 24 அன்று ஊர்தி மீண்டும் இறக்கப்பட்டது. இம்முறை அது 10,911 மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட்டது. மறு ஆண்டு அங்கிருந்து எடுத்துவந்த சேற்றில் உயர் அழுத்தத்தில் வளரும் நுண்ணுயிரிகள் கண்டறியப்பட்டன.

கைக்கோ பின்னர் 250க்கும் மேற்பட்ட முறை கடலில் இறங்கியது. 2003 மே 29 அன்று சிக்கோக்கு தீவுக்கு அப்பால் பணியில் இருந்தபோது ஒரு சூறாவளி நெருங்கியது. அப்போது இரண்டாம் வடம் அறுந்தது. ஏவுகலம் மீட்கப்பட்டது, ஊர்தி திரும்பக் கிடைக்கவில்லை. ஏவுகலத்துடன் வேறோர் ஊர்தி இணைக்கப்பட்டுப் பணி தொடர்ந்தது. எனினும் அதன் எல்லை 7,000 மீட்டராகச் சுருங்கியது.

2009 மே 31 அன்று சேலஞ்சர் மடுவை அடைந்த அமெரிக்காவின் நெரியஸ் ஊர்தி வேறு வழியைக் கையாண்டது. அது மின்கலங்களைத் தன்னுள்ளேயே சுமந்தது. முடியளவு மெல்லிய ஒளியிழை தகவலை மட்டுமே கடத்தியது. இழை அறுந்தாலும் ஊர்தி தானே மேலே வர இயலும். ஆயினும் 2014 மே 10 அன்று கெர்மடெக் அகழியில் சுமார் 9,900 மீட்டர் ஆழத்தில் நெரியசும் அழிந்தது. வடத்தின் சிக்கலுக்கு அது விடை கண்டிருந்தது. அழுத்தத்தின் சிக்கல் அப்படியே இருந்தது.