டீசலுக்கு வழி திறந்த பம்பு

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் உள்ளது துவாஸ். முன்னாளில் மீனவர் சிற்றூராயிருந்த அவ்விடம், 2022 செப்டம்பரில் முறைப்படி திறக்கப்பெற்ற பெருந்துறைமுகத்தால் இன்று உலகக் கப்பல்களை ஏற்கின்றது. அக்கப்பல்களையும், சரக்கேற்றும் லாரிகளையும் பெரும்பாலும் ஓட்டுவது டீசல் இயந்திரமே. தோட்டத்து ஆலைகளில் அதன் ஓசையைக் கேட்டு வளர்ந்தோரும் நம்மில் உளர். ஓசையை அறிந்த நாம் அதன் உள்ளமைப்பை அறிந்தோமா?

பெட்ரோல் இயந்திரத்திற்குத் தீப்பொறி வேண்டும், டீசலுக்கு வேண்டுவதில்லை. சிலிண்டருக்குள் நெருக்கப்பட்ட காற்றின் வெப்பமே எண்ணெயைப் பற்றவைக்கும். ருடால்ப் டீசல் இதனை 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் மெய்ப்பித்தார். ஆனால் நெருங்கிய காற்றை எதிர்த்து எண்ணெயை உள்ளே புகுத்துவது எங்ஙனம்? அதனினும் அழுத்தம் மிக்க காற்றால் ஊதிப் புகுத்தினர். அதற்குப் பளுவான காற்றழுத்தி வேண்டும். 1912இல் கோப்பன்ஹேகனிலிருந்து பாங்காக் சென்ற 'செலாண்டியா' கப்பல் அப்பளுவைத் தாங்கிற்று, லாரி தாங்குமோ?

முடிச்சை அவிழ்த்தது பம்பு. இங்கிலாந்தின் விக்கர்ஸ் முதலியோர் முன்னரே முயன்றனர். ஆயினும் ராபர்ட் பாஷ் நிறுவனம் 1922இல் முயற்சி தொடங்கி, 1927இல் பெருமளவில் செய்தளித்த பின்னரே லாரிக்கு வழி பிறந்தது.

அதன் வேலை இதுவே: மேடுள்ள கேம் சுழன்று ஒரு சிறு உருக்குத் தண்டை மேலே தள்ளும். தண்டு பக்கத்துத் துளையை மூடியதும், சிக்கிய எண்ணெய் போக்கிடமின்றி அழுத்தமுற்று, நாசிலின் நுண்துளைகளால் பனிபோற் சிதறும். தண்டிலே சாய்வாக வெட்டிய பள்ளம் துளையை எட்டியதும் அழுத்தம் நீங்கும். தண்டைச் சற்றுத் திருப்பினால் பள்ளம் முந்தியோ பிந்தியோ துளையை எட்டும். எண்ணெயின் அளவும் அதற்கேற்பக் குறையும், கூடும். தண்டுக்கும் கூட்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. தூசி படிந்தாலும் கெடும்.

1951இல் தோன்றிய மைகோ நிறுவனம் இத்தகைய பம்புகளைப் பெங்களூரில் செய்யலாயிற்று. இன்றைய பம்புகளிற் சில, காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் இரண்டாயிரம் மடங்குக்கு மேலும் எழுப்புகின்றன.

இவ்வறிவு வெறும் அழகுக்கன்று. துவாஸ் பட்டறைகளில் உழைப்போருள் நம்மவர் பலர். வெடித்த குழாயிலிருந்து பாயும் எண்ணெய் கண்ணுக்குத் தோன்றாமலே தோலைத் துளைக்கும். காயம் ஊசிமுனை அளவே தோன்றும். தாமதித்தாலோ விரலும் கையும் போகும். ஆதலின் கசிவைக் கையால் தடவித் தேடலாகாது. அட்டையைக் காட்டித் தேடுக. இயந்திரத்தை நிறுத்தி, அழுத்தம் தணிந்த பின்னரே குழாயைத் தொடுக. எண்ணெய் துளைத்ததெனின் அக்கணமே மருத்துவமனை செல்க.

இயந்திரத்துக்கு உழைப்பைத் தரும் கை, அதன் அறிவையும் பெறட்டும்.