தள்ளாடும் கால்களும் மருந்தின் வரலாறும்

திருவண்ணாமலை நடப்பவர்களின் ஊர். செங்கம் சாலையில் இரமணாசிரமம் அமைந்துள்ள பகுதியில் நின்று பார்த்தால் இவ்வுண்மை நன்கு விளங்கும். மலையை வலம்வரும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர்ப் பாதை ஆசிரமத்து வாயிலைக் கடந்தே செல்கிறது. முழுநிலா நாள்களில் அப்பாதையில் கால் வைக்கவும் இடமிராது. 1896 செப்டம்பரில் இளைஞராக இவ்வூர் வந்து சேர்ந்த இரமணர், 1926 வரை அடியவர்களோடு பலமுறை மலையைச் சுற்றி நடந்தவர். பிற்காலத்தில் மூட்டுவாதத்தால் முழங்கால்கள் தளர்ந்து கைத்தடி ஊன்றியவர். நடையே வேண்டுதலாகக் கருதப்படும் இவ்வூரில், நடையைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டிருக்கும் ஒருவரின் நிலை எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு.

அத்தகையோர் நம் நடுவில் இருக்கின்றனர். கால்களை அகல வைத்து நடப்பார்கள்; சுவரையோ கடைத் தூணையோ மகனின் தோளையோ பற்றிக்கொள்வார்கள். குவளையை எடுக்க நீட்டிய கை குறி தவறும், பேச்சு குழறும். தசைகளில் வலு இருக்கும். ஆனால் அவ்வலுவை அளந்து, நெறிப்படுத்தி, ஒன்றோடொன்று இசையச் செய்யும் ஆற்றல் குன்றியிருக்கும். சிறுமூளையோ, அதனோடு தொடர்புடைய நரம்புப் பாதைகளோ பழுதுபடுவதால் நேரும் இந்நிலையை மருத்துவர்கள் 'அட்டாக்சியா' என்பர். 'ஒழுங்கின்மை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. நாம் அதனைத் தள்ளாட்ட நோய் எனலாம்.

இந்நோயாளர்க்குத் துன்பம் இரண்டு. ஒன்று நோய்; மற்றொன்று பழி. தள்ளாட்டத்தையும் குழறலையும் காண்போர் உடனே 'குடித்திருக்கிறான்' என்று முடிவு கட்டிவிடுகின்றனர். பேருந்தில் ஏற விடுவதில்லை, வேலையிலிருந்து நிறுத்திவிடுகின்றனர். சாமுவேல் முதல் நூலில், ஆலயத்தில் உதடுகள் மட்டும் அசைய வேண்டிக்கொண்டிருந்த அன்னாவைக் குடிவெறியில் இருப்பவள் என்று குரு ஏலி எண்ணியதை நாம் அறிவோம். வெளித்தோற்றத்தைக் கொண்டு தீர்ப்பிடும் பழக்கம் இறைவனின் இல்லத்திலும் நுழைந்துவிடும் என்பதற்கு அது சான்று.

இத்தகைய குடும்பங்கள் எங்குச் சென்றாலும் கேட்கும் வினா ஒன்றே: 'இதற்கு மருந்து உண்டா?' உண்டு என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலாது. அவ்விடையைத் தேட நாம் வரலாற்றுக்குள் செல்ல வேண்டும்.

மருந்தென்று வந்தவை

மருந்து உண்டா என்ற வினா இரமணாசிரமத்திலும் ஒருமுறை உரக்க எழுந்தது. நோய் வேறு, வினா அதுவே. 1949 பிப்ரவரியில் இரமணரின் இடக்கை முழங்கைக்கு அருகில் இருந்த கட்டி அறுவை செய்து அகற்றப்பட்டது. அது புற்றுக்கட்டி, மீண்டும் மீண்டும் வளர்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் நான்கு முறை அறுவை நடந்தது. ரேடியம் சிகிச்சையும், ஆயுர்வேதமும், ஓமியோபதியும், பச்சிலையும் அடுத்தடுத்து வந்தன. கையையே அகற்றலாம் என்ற ஆலோசனையை அவர் ஏற்கவில்லை. மற்ற மருந்துகளை அன்பர்களின் மனம் நோகாதிருக்க ஏற்றுக்கொண்டார். 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். அன்பினால் கொண்டுவரப்படும் மருந்தெல்லாம் நோயை வெல்லும் மருந்தாகிவிடாது என்பதை இப்பகுதி அன்று கண்ணால் கண்டது.

அதே 1949ஆம் ஆண்டில், இங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், மருத்துவர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அத்தகைய முதல் துறை அதுவே. நரம்பு நோய்களை முறையாக ஆராயும் பணி இவ்வாறு நம் பகுதிக்கு வந்தது. ஆயினும் தள்ளாட்ட நோயின் கதை அதற்கு 90 ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் தொடங்கிவிட்டது.

1858-59இல் பிரெஞ்சு மருத்துவர் டுஷேன், நடை நாளடைவில் ஒழுங்கிழக்கும் ஒரு நோயை விரிவாக விளக்கினார். அது மேகநோயின் பின்விளைவு என்பதை ஃபூர்னியே 1870களில் எடுத்துக்காட்டினார். அதற்குப் பாதரசம் கொடுத்தனர்; வெள்ளி நைட்ரேட்டு கொடுத்தனர். வெள்ளி உப்பை நெடுநாள் உண்டவர்களின் தோல் நீலச் சாம்பல் நிறமடைந்தது; நோய் நீங்கவில்லை. 1889 அளவில் பாரிஸ் மாநகரின் புகழ்பெற்ற நரம்பியல் அறிஞர் சார்கோ, நோயாளிகளைத் தாடையிலும் அக்குளிலும் பட்டை மாட்டி மேலே தொங்கவிடும் முறையைக் கையாண்டார். பல நாடுகள் அதனைப் பின்பற்றின. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. பேரறிஞரின் பெயர் மட்டுமே ஒரு சிகிச்சையை மெய்யாக்கிவிடாது.

அக்காலத்திலேயே சுவிட்சர்லாந்தில் ஃபிரெங்கல் என்னும் மருத்துவர் வேறொரு வழியில் சென்றார். மருந்தில்லாமல், கண்ணால் பார்த்துக்கொண்டே மெதுவாகவும் திரும்பத் திரும்பவும் கால்களை அசைக்கக் கற்பித்தார். அவர் வகுத்த பயிற்சிகள் இன்றளவும் இயன்முறை மருத்துவர்களால் கற்பிக்கப்படுகின்றன. அக்கால மருந்துகள் மறைந்தன; பயிற்சி நிலைத்தது. மேகநோய்க்கு 1943இல் பெனிசிலின் பயன்பட்ட பின்னரே அவ்வகைத் தள்ளாட்டம் அரிதாயிற்று. காரணத்தை அறிந்து அதனைத் தாக்கிய மருந்தே வென்றது.

அரிசி தந்த பாடம்

தள்ளாட்டத்திற்கு உண்மையான மருந்து கிடைத்த மற்றோர் இடம் நம் சோற்றுப் பானை. 1881இல் செருமானிய மருத்துவர் வெர்னிக்கே, தள்ளாட்டமும் கண்ணசைவுக் கோளாறும் மனக்குழப்பமும் ஒருங்கே தோன்றும் நோயை விவரித்தார். அது தயமின் என்னும் வைட்டமின் பி1 இல்லாமையால் வருவது என்பது பின்னரே தெளிவாயிற்று. பெரிபெரி நோய்க்கும் அதே குறைபாடே காரணம். அந்த வைட்டமினின் அமைப்பைக் கண்டு 1936இல் அதனைச் செயற்கையாக ஆக்கியவர் இராபர்ட் வில்லியம்ஸ். அவர் 1886இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில், மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர்.

சென்னை மாகாணத்திலேயே இதற்கு ஒரு சான்று இருந்தது. தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் மெக்காரிசனும், அவருக்குப்பின் அய்க்ராய்டும் இதனை ஆராய்ந்தனர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே சென்று தங்குகிறது. பின்னர் தீட்டினாலும் பெரும்பகுதி நிற்கிறது. நம் பாட்டிமார் பெயரறியாமலே ஒரு மருந்தைப் பானையில் காத்துவந்தனர்.

இதைப் போன்றதே வைட்டமின் பி12. 1948இல் பிரித்தெடுக்கப்பட்ட இச்சத்துக் குறைந்தால் தண்டுவடம் பழுதாகி நடை தள்ளாடும். இது தாவரங்களில் கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உண்டு. சைவ உணவினரும், வயிற்றில் இச்சத்தை உறிஞ்ச இயலாதவரும் இக்குறைபாட்டிற்கு ஆளாகலாம். காலத்தோடு கண்டறிந்து ஊசி போட்டால் நிலைமை திருந்தும். காலம் கடந்தால் இழப்பு நிலைத்துவிடும். வைட்டமின் இ-யைக் கல்லீரலிலிருந்து குருதிக்கு அனுப்பும் புரதம் பரம்பரையாகவே பழுதான ஓர் அரிய நோயும் உண்டு. அதன் மரபணு 1995இல் அறியப்பட்டது. மிகுந்த அளவில் வைட்டமின் இ கொடுத்தால் அந்நோய் வளராமல் தடுக்கப்படுகிறது.

இம்மூன்றிலும் ஒரே உண்மையைக் காண்கிறோம்: குறைந்ததை நிரப்பும்போது சத்து மருந்தாகிறது. குறையாத இடத்தில் ஊற்றினால் அது மருந்தாவதில்லை.

குருதி வழி வரும் நோய்

எஞ்சியவற்றுள் பல பரம்பரையாக வருபவை. 1863இல் ஐடல்பர்க் நகரின் பிரீட்ரைக் இளமையில் தொடங்கும் ஒருவகையை விளக்கினார். அதன் மரபணு 1996இல் கண்டறியப்பட்டது. நடுவயதில் தொடங்கும் வகைகளுள் முதலில் மரபணு அறியப்பட்டது எஸ்.சி.ஏ.1. அதனை 1993இல் ஹூடா சோக்பியும் ஹாரி ஓரும் கண்டனர். மரபணுவில் மூன்றெழுத்துத் துணுக்கு ஒன்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதே அதன் காரணம். பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி.

இது எங்கோ உள்ள செய்தியன்று. தமிழ்ச் சமூகம் ஒன்றில் எஸ்.சி.ஏ.1 மிகுதியாகக் காணப்படுவதை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 2005இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் வெளிவந்தது. 2014இல் வேலூர் மருத்துவர்கள் பங்கேற்ற மற்றோர் ஆய்வும் தென்னிந்தியக் குடும்பங்களில் இதே வகையை ஆராய்ந்தது. உறவுக்குள்ளேயே மணம் செய்து வாழ்ந்த சிற்றூர்களில் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் தள்ளாடுவதைக் காண்போர், சாபம் என்றும் செய்வினை என்றும் கூறிவிடுகின்றனர். அது யாருடைய பாவத்தின் கூலியுமன்று. மரபணுவில் நேர்ந்த எழுத்துப் பிழை.

இன்றைய மருந்துகள்

இப்பரம்பரை நோய்களை வேரோடு நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. இதனை ஒளிக்காமல் சொல்வதே நேர்மை. ஆனால் ஒன்றுமே இல்லை என்பதும் உண்மையன்று. தசை இறுக்கத்திற்குப் பாக்லோஃபென் உதவுகிறது. நடுக்கத்தைக் குறைக்க வேறு மருந்துகள் உள்ளன. விட்டுவிட்டு வரும் ஒருவகைத் தள்ளாட்டத்திற்கு அசிட்டசோலமைடு பயன்படும் என்பது 1978இல் தெரியவந்தது. பிரீட்ரைக் நோயின் வேகத்தைக் குறைக்கும் முதல் மருந்தாக ஒமாவெலாக்சோலோன் 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டது. அது 16 வயதும் அதற்கு மேலும் உள்ளோர்க்கு உரியது, நோயை நீக்குவதன்று. அமெரிக்காவில் அதன் ஓராண்டு விலை மூன்றரை இலட்சம் டாலருக்கும் மேல். செங்கம் சாலையில் வாழும் கூலித் தொழிலாளிக்கு அது நிலவைப் போன்றது.

நம்பிக்கை தந்து பின்வாங்கிய மருந்தும் உண்டு. ரிலுசோல் பயனளிப்பதாக இத்தாலியில் 2010இலும் 2015இலும் வெளிவந்த ஆய்வுகள் கூறின, எஸ்.சி.ஏ.2 நோயாளர்களிடம் நடந்து 2022இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில் அப்பயன் காணப்படவில்லை. கோஎன்சைம் கியூ10 என்னும் சத்து மாத்திரை, உடலில் அதனை ஆக்க இயலாத அரிய பரம்பரைக் குறைபாட்டிற்கு உதவலாம். எல்லாத் தள்ளாட்டத்திற்கும் உரியது என்று விற்பதற்குச் சான்றில்லை.

மருந்தே நோயாவதும் உண்டு என்பதையும் மறத்தல் கூடாது. 1938 முதல் வலிப்பைக் கட்டுப்படுத்தி வரும் ஃபெனிட்டாயின் அளவு மிகுந்தால் தள்ளாட்டம் வரும். நரம்புக்கு நல்லது என்று பலர் தாமாகவே வாங்கி உண்ணும் வைட்டமின் பி6, அளவு மீறினால் உணர்நரம்புகளைக் கெடுத்து நடையைக் குலைக்கும். நாளொன்றுக்கு 2 கிராமும் அதற்கு மேலும் உண்டு நடை தள்ளாடிய ஏழு நோயாளர்களைப் பற்றி 1983இல் மருத்துவர்கள் எழுதினர்.

நாம் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க வழி தெளிவானது. தள்ளாட்டம் தொடங்கியவுடன் நரம்பியல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பி1, பி12, வைட்டமின் இ, தைராய்டு, உண்டுவரும் மருந்துகள், மதுப்பழக்கம் ஆகிய திருத்தத்தக்க காரணங்களை முதலில் ஆராய வேண்டும். இவற்றுள் ஒன்று காரணமாயின் ஒவ்வொரு மாதமும் விலைமதிப்புடையது. பரம்பரை நோய் என்று உறுதியானால், நடைப்பயிற்சியும், பேச்சுப் பயிற்சியும், விழாமல் காக்கும் ஏற்பாடுகளும், திருமணத்திற்கு முன் மரபியல் ஆலோசனையும் தேவை. நிலத்தை விற்றுப் பெயர் தெரியாத பொடிக்கும் மாத்திரைக்கும் செலவிடுவது தேவையன்று. சீராக்கின் ஞான நூல் மருத்துவரையும் மருந்தையும் இறைவனின் கொடை என்று போற்றுகிறது. அக்கொடையை ஆராய்ந்து ஏற்பதும் நன்றியின் பகுதியே.

மருத்துவர் எழுதித் தர இயலாத மருந்து ஒன்றும் உண்டு. அது நம் கையில் இருக்கிறது. தள்ளாடி வரும் ஒருவரைக் கண்டதும் முகம் சுளிக்காமல், 'குடித்திருக்கிறான்' என்று சொல்லாமல், தோளைக் கொடுப்பது. அவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருப்பது. ஏலி தம் எண்ணம் தவறென்று அறிந்ததும் அன்னாவை வாழ்த்தி அமைதியுடன் அனுப்பினார். நம் தெருவில் தள்ளாடி நடப்பவருக்கும் அவ்வமைதி கிடைக்க நாம் வழி செய்வோம்.